வேர்டு கோப்பை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றும்போது பக்க அமைப்பு சிதையாமல் காப்பது எப்படி?

வேர்டில் ஒழுங்காக இருந்த தமிழ் ஆவணம், வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்ததும் பக்கம் பிசகுவதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். விண்டோஸுக்கான லதா போன்ற எழுத்துரு லினக்ஸ் கணினியில் இல்லையென்றால், மென்பொருள் வேறொன்றைப் பயன்படுத்திக்கொள்ளும்; அதன் எழுத்து அகலமும் வரி உயரமும் வேறாக இருப்பதால், பத்தியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, அந்த ஒரு வரியே பின்வரும் பக்கங்களையெல்லாம் நகர்த்திவிடும். டைம்ஸ் நியூ ரோமனுக்கு ஈடாக அதே அகலம் கொண்ட லிபரேஷன் செரிஃப் உண்டு. ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருவைத் தொடக்கத்திலேயே தேர்ந்து, இரு கணினிகளிலும் நிறுவிக்கொள்ளுங்கள்.

புதிய பக்கம் தொடங்க என்டர் விசையை அடுக்கடுக்காகத் தட்டாமல், கண்ட்ரோலுடன் என்டரை அழுத்திப் பக்க முறிவு இடுங்கள். பத்திகளுக்கு இடையிலான இடைவெளியைப் பத்தி அமைப்பிலேயே குறிப்பிடுங்கள்.

பெறுபவர் திருத்தப்போவதில்லை என்றால், எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பை அனுப்புவதே என் பரிந்துரை. பிடிஎஃபிலிருந்து மீண்டும் வேர்டுக்கு மாற்றுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பிடிஎஃப் பெரும்பாலும் எழுத்து வடிவங்களையும் அவை நிற்கும் இடங்களையுமே பதிந்து வைப்பதால், ‘கொ’ என்பதன் ஒற்றைக்கொம்பும் ககரமும் துணைக்காலும் தனித்தனியாகப் பிரிந்து, வரிசை மாறி வெளிவரக்கூடும். மூல வேர்டு கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.