ஒற்றை ப்ளூவாட் மரம் காய்க்காது: வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு செய்முறை

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வீடு வாங்கிய வருடம், பின்கட்டில் ஒரே ஒரு ஃப்ளேவர் கிங் ப்ளூவாட் கன்றை நட்டேன். இரண்டு வசந்தம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கொட்டியது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உரம் போதவில்லையோ என்று உரம் போட்டேன், தண்ணீர் போதவில்லையோ என்று தண்ணீர் விட்டேன், கடைசியில் பார்த்தால் மரத்தில் ஒரு கோளாறும் இல்லை, அதற்கு ஜோடிதான் இல்லை, வேறு ரகத்தின் மகரந்தம் வந்தால்தான் காய்க்கும்.

ப்ளூவாட் என்பது பிளம்ஸும் ஆப்ரிகாட்டும் சேர்ந்த கலப்பினம். இதே மாநிலத்து மொடெஸ்டோவில் ஃப்ளாய்ட் ஸைகர் குடும்பத்தார் பல தலைமுறை மரங்களுக்குக் கையாலேயே மகரந்தம் மாற்றி உருவாக்கியது. சாப்பிட்ட பழத்தின் கொட்டையைப் புதைத்தால் அதே பழம் வராது, ஒட்டுக் கன்றுதான் வாங்க வேண்டும்.

முதல் வேலை, இரண்டு கன்றாக வாங்குவது. ஃப்ளேவர் கிங்குக்கும், இன்னொரு ப்ளூவாட் ரகமான டாப்பிள் டாண்டிக்கும் சாண்டா ரோசா பிளம்ஸ் நல்ல துணை. அது புது ரகங்களை உருவாக்கிய லூதர் பர்பாங்க் 1906இல் வெளியிட்ட பழைய ரகம், தனியாகவும் காய்க்கும். இடம் இல்லையென்றால் இரண்டையும் ஒரே குழியில் ஒன்றரை அடி தள்ளி நடலாம். குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 400 முதல் 500 மணி நேரக் குளிராவது இந்த ப்ளூவாட் மரங்களுக்கு வேண்டும். சென்னை மாடியில் வைக்கலாமா என்று கேட்கும் என் சித்திக்கு இதுதான் பதில்: வேண்டாம் சித்தி.

ஜனவரி, பிப்ரவரியில் நர்சரிகளில் மண் இல்லாமல் வெறும் வேரோடு விற்பார்கள், பேர் ரூட் என்று கேளுங்கள். பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வேரை ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அன்றே நட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர்க் களிமண் வேரை அழுகவிடும். அதனால் முதல் நாளே ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் வடியாமல் நின்றால், ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். குழிக்குள் உரமோ கம்போஸ்ட்டோ வேண்டாம், எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். ஒட்டு போட்ட முண்டு மண்ணுக்கு மேலே மூன்று விரற்கடையாவது தெரிய வேண்டும்.

அப்புறம்தான் மனசு வராத வேலை. கன்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். காசு கொடுத்து வாங்கியதில் பாதியைக் குப்பையில் போடுவதா என்று வீட்டில் சண்டையே வந்தது, ஆனால் அப்படி வெட்டினால்தான் தாழக் கிளைத்து, ஏணி இல்லாமல் பறிக்க முடியும். வெட்டி முடித்ததும் வெள்ளை லேட்டக்ஸ் பெயிண்ட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தண்டில் பூசுங்கள், வெயிலில் பட்டை வெடிக்காது. மண் காயாமலிருக்கச் சருகால் மூடாக்கு போடும்போது தண்டைத் தொடாமல் போடுங்கள்.

காய்க்கத் தொடங்கியதும் ஏப்ரலில் பிஞ்சு களைய வேண்டும். கட்டைவிரல் நுனி அளவு வந்தவுடன், ஒரு பிஞ்சுக்கும் அடுத்ததற்கும் நாலைந்து அங்குலம் விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். கை நடுங்கும். நான் ஒரு வருடம் பாவம் பார்த்து விட்டுவிட்டேன், பழமெல்லாம் கோலிக்குண்டு அளவில் சப்பென்று வந்ததோடு ஒரு கிளையும் முறிந்தது. கவாத்து கோடையில், அறுவடை முடிந்தபின். மழைக்காலத்தில் வெட்டினால் காயத்தில் பூஞ்சை இறங்கும்.

ஃப்ளேவர் கிங் ஆகஸ்ட்டில் பழுக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, இலை வாடாத அளவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள், இனிப்பு ஏறும். நிறத்தை நம்பிப் பறிக்காதீர்கள், முன்னாலேயே கறுத்துவிடும். அழுத்தினால் லேசாக விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவரை அணிலிடமிருந்து காப்பது உங்கள் பாடு. கல்யாணத்தில் கொடுத்த மெல்லிய ஆர்கன்சா துணிப் பைகளை நான் ஒவ்வொரு பழத்துக்கும் கட்டிவிட்டேன், ஒரு அணில் பையோடு பறித்துக்கொண்டு வேலியேறிப் போனது. இப்போது மரம் முழுவதும் வலை போட்டு அடியில் தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.