குட்டி எஸ்எஸ்டி ஒளிந்திருக்கும் அல்ட்ராபுக்கில் லினக்ஸ்

அக்காவின் 2012 அல்ட்ராபுக்கில் (மெல்லிய லேப்டாப்) விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அக்கால அல்ட்ராபுக்குகள் பலவற்றில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு 32 ஜிபி எம்சாட்டா எஸ்எஸ்டி (சிறிய அட்டை வடிவிலான வேகமான டிஸ்க்) ஒன்றும் இருக்கும். இன்டெலின் ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் என்ற வசதி அந்த எஸ்எஸ்டியை விண்டோஸுக்கான கேஷாக, அதாவது அடிக்கடி தேவைப்படுவதை வேகமாக எடுக்கும் இடமாக, வைத்துக்கொள்ளும். இரண்டு டிஸ்க்கிலும் ரெய்டு தகவல் (டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து வைக்கும் குறிப்பு) எழுதப்பட்டிருப்பதால் லினக்ஸ் இன்ஸ்டாலர் குழம்பிவிடும்.

முதலில் விண்டோஸில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருளைத் திறந்து ஆக்சிலரேஷனை, அதாவது இந்தக் கேஷ் வசதியை, நிறுத்துங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்: ஃபைல்களை முதலில் எஸ்எஸ்டியில் எழுதும் மேக்சிமைஸ்டு முறையில் சில ஃபைல்கள் இன்னும் எஸ்எஸ்டியிலேயே இருக்கலாம், நிறுத்தினால்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு வரும். அப்புறம் பேக்கப். போட்டோக்களை இருமுறை சரிபாருங்கள்.

பயாஸில் சாட்டா மோடை (டிஸ்க்குகள் இயங்கும் முறை) ரெய்டிலிருந்து சாதாரண ஏஹெச்சிஐ ஆக்கி, பென்டிரைவிலிருந்து மின்ட்டை லைவாக (இன்ஸ்டால் செய்யாமலே) பூட் செய்யுங்கள். பழைய ரெய்டு தகவல் இன்னும் டிஸ்க்கின் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். பார்மட் செய்தாலும் போகாது. டெர்மினலில் வைப்எஃப்எஸ் (wipefs) கட்டளையால் இரண்டு டிஸ்க்கிலும் அதை அழியுங்கள். டிஸ்க்குகளின் பட்டியலில் பென்டிரைவும் வரும், எனவே அளவைப் பார்த்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்டாலரில் 'வேறு ஏதாவது' வழியில் போய், ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பகுதி) எஸ்எஸ்டியிலும், ஹோம் (உங்கள் ஃபைல்கள்), ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் பகுதி) இரண்டையும் ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். சில மாடல்களின் பயாஸ் எம்சாட்டாவிலிருந்து பூட் ஆகவே விடாது. அதனால் பூட் பார்டிஷனையும் லினக்ஸைத் துவக்கும் கிரப்பையும் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைப்பதுதான் நல்லது.

32 ஜிபி சீக்கிரம் நிரம்பும். மின்ட்டின் டைம்ஷிஃப்ட் மென்பொருள் எடுக்கும் ஸ்னாப்ஷாட்களை (சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் நகல்கள்) ஹார்ட் டிஸ்க் பக்கம் திருப்பிவிடுங்கள்.