ஊர் ஓவியர்களுக்கு ஒரு சின்ன கேலரி: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். வெள்ளையடித்த சுவர், கொஞ்சம் ஆணி, ஆறு விளக்கு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அதற்குக் கேலரி என்று பெயர் வைத்தோம். ஊரிலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சுவாமிமலையில் சிற்பிகள், தஞ்சாவூரில் தங்க ரேக்கு ஒட்டுகிற ஓவியர்கள், ஃப்ளெக்ஸ் வந்தபின் தூரிகையைக் கட்டி வைத்துவிட்ட போர்டு ஆர்ட்டிஸ்டுகள் என்று ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் எங்கள் விவரத்தில்தான் இருந்தது.

முதல் தவறு ரசீது போடாதது. "நம்ம பையன்தானே" என்று படங்களை வாங்கி வைத்துக்கொண்டோம். கண்காட்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது, ஐந்து படம் கொடுத்தேன் என்றார் ஓவியர் ஒருவர். எங்களிடம் நாலுதான் இருந்தது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, நாங்களும் திருடவில்லை. ஐந்தாவதுக்கும் பணம் கொடுத்தோம். ஆனாலும் அதற்கப்புறம் அவர் எங்கள் மாடிப்படி ஏறவே இல்லை.

சுவரில் தொங்குவது இன்னொருவருடைய சொத்து. விற்கும்வரை அது நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் படம் உள்ளே வரும்போதே தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, வருடம், விலை, நம் கமிஷன், ஃபிரேம் செலவு யாருடையது, சேதமானால் யார் பொறுப்பு, விற்றால் எத்தனை நாளில் பணம், எந்தத் தேதியில் திரும்ப எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வரும்போதே இருந்த கீறலைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சொந்தக்காரப் பையனாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். மனஸ்தாபம் அங்கேதான் சீக்கிரம் வரும்.

அடுத்தது பணம். பெருநகரத் தனியார் கேலரிகளில் 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் எடுப்பது வழக்கம். சின்ன இடம் அதைவிடக் குறைவாக எடுக்கலாம். எவ்வளவு என்பதைவிட எப்போது சொல்கிறோம் என்பதில்தான் சண்டை வரும். படம் விற்ற பிறகு சதவீதம் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? வாங்குபவர் பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைத்தால், அது ஓவியர் பங்கிலிருந்தா, நம் பங்கிலிருந்தா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்றை நாங்கள் செய்தோம். விற்ற பணம் கையில் இருந்தது, மாதக் கடைசியில் கட்ட வேண்டிய வாடகை பாக்கி நின்றது. எடுத்துக் கொடுத்துவிட்டோம். அடுத்த விற்பனையில் சரிக்கட்டலாம் என்று கணக்கு. சீட்டுப் பிடிப்பவர் சீட்டுப் பணத்தில் வீட்டுச் சாமான் வாங்குகிற கதைதான் இது. அடுத்த விற்பனை வர நாலு மாதம் ஆனது. ஓவியர்களின் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதைத் தொடுகிற அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது.

சரி, வாடகைக்கு என்ன செய்வது? ஓவியர்களிடமே சுவருக்குக் காசு வாங்கிவிடலாம் என்ற யோசனை எல்லா ஊரிலும் வரும். ஹால் வாடகைக்கு விடுவது குற்றமில்லை. ஆனால் முதல் நாளே காசு வந்துவிட்டால் படம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன என்ற அலட்சியம் நமக்கு வந்துவிடும். அதை ஓவியர்களுக்கு ஆதரவு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

1960களில் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள். ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று தெரிந்து, பாட்டிக் (மெழுகு தடவிச் சாயமேற்றிய) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். ஓவியர்கள் ஒன்றாக வாழ்ந்து வேலை செய்கிற சோழமண்டலம் கலைக் கிராமம் 1966இல் அப்படித்தான் உருவானது. பெரிய படம் வருடத்துக்கு ஒன்று விற்கும், சின்னப் பொருள் வாரத்துக்குப் பத்து விற்கும். அஞ்சலட்டை, உள்ளங்கை அளவு ஓவியம், அச்சுப் பிரதி என்று ஒரு மேசை போடுங்கள்.

அந்த மேசையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. படம் நம் சுவரில் இருக்கிறது என்பதற்காக அதை அஞ்சலட்டையாக அச்சடித்துவிட முடியாது. காசு கொடுத்துப் படத்தை வாங்கியவருக்கே அந்த உரிமை தானாக வருவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஒருவர் பணம் கொடுத்து 'என் அம்மாவை வரைந்து கொடுங்கள்' என்று வரையச் சொன்ன படம் மட்டும் வேறு கணக்கு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அங்கே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். இளைய ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது. கேலரிதான் சொல்லித்தர வேண்டும்.

படம் மாட்டுவதில் எங்களுக்கு இருந்த ஒரே முன்னனுபவம் வீட்டில் தாத்தா போட்டோ மாட்டியதுதான். விட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, முன்பக்கம் சாய்த்து. பார்க்க வந்தவர்கள் கழுத்து வலியோடு போனார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில், அதாவது கண் மட்டத்தில் இருந்தால் போதும். யாரையும் விட்டுவிடக்கூடாது என்று இரண்டு அறையில் அறுபது படம் மாட்டியதும் தவறு. அது சந்தை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஐந்தாறு பேர் என்று முறை வைத்தால் யாருக்கும் வருத்தமில்லை, படமும் மூச்சு விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஓதம் ஏறும், காகிதப் படத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமின் பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக வழி விடுங்கள். நீர்வண்ணப் படம் கண்ணாடியைத் தொடக்கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும். வெயில் காலத்தில் அக்ரிலிக் படத்தின்மேல் நேராகக் குமிழ் ப்ளாஸ்டிக்கைச் சுற்றி அனுப்பாதீர்கள். சூட்டில் அது வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் முழுக்க வட்டம் வட்டமாகத் தழும்பு. மேற்கு ஜன்னலை மூடுங்கள். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் அளவில்தான் வெளிச்சம் வைப்பது வழக்கம்.

ஊர்க்காரர்கள் ஏன் மேலே வரவில்லை என்று ரொம்ப நாள் புலம்பினோம். கீழே நின்றவர் ஒருவர் ஒருநாள் "டிக்கெட் எவ்வளவு சார்?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. படங்களுக்குக் கீழே விலையும் போடாமல், குறிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் வைத்து, எல்லோரும் வேலையில் இருக்கிற பதினொன்று முதல் ஐந்து வரை திறந்துவைத்திருந்தோம். விலையைத் தமிழில் எழுதி, மாலை ஐந்துக்கு மேல் திறந்த பிறகுதான் கடைத்தெருக் கூட்டம் எட்டிப் பார்த்தது.

திறப்பு விழாக்களைப் பற்றி ஒரு சங்கதி. போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் கண்காட்சி ஒன்றுக்கு வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினோம்! பொன்னாடை, சிறப்பு விருந்தினர், ஒலிபெருக்கி எல்லாம் வேறு. வந்தவர்களில் மூத்தவர் ஒருவர் பேனரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரிடமே கூலி கொடுத்து, 'உள்ளே வாங்க, கட்டணம் இல்லை' என்று தகரத்தில் எழுதி வாங்கினோம். அந்த எழுத்தைப் பார்த்து மேலே வந்தவர்கள் விழாவுக்கு வந்தவர்களைவிட அதிகம்.

விற்காத படங்களைத் திருப்பித் தருவதில்தான் கடைசிச் சோம்பல். ஓவியர் "அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்" என்பார், நாமும் சரி என்று பரணில் ஏற்றிவிடுவோம். தேதி தாண்டினால் யார் செலவில் அனுப்புவது என்பதை முதல் நாள் ரசீதிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் பரணில் இன்னும் மூன்று படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பின்னால் பெயர்கூட இல்லை.