டயல்-அப் காலத்து வங்கி ஊடுருவல்கள்: இன்றும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1983-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் சிலர் வீட்டுக் கணினியையும் தொலைபேசி இணைப்பையும் வைத்துக்கொண்டு சுமார் 60 கணினிகளுக்குள் நுழைந்தார்கள். லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடம், நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் மையம், லாஸ் ஏஞ்சலஸின் செக்யூரிட்டி பசிபிக் வங்கி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. தங்கள் வட்டாரத்தின் தொலைபேசிக் குறியீடான 414-ஐயே குழுவுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பதினாறிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள்தான்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "அசாத்திய மூளைக்காரப் பிள்ளைகள்" என்றுதான் தொடங்குகிறார்கள். நாம் தவிர்க்க வேண்டிய முதல் தவறே இப்படிச் சொல்வதுதான். மூளைக்காரர்கள் வந்து உடைத்தார்கள் என்று சொல்லிவிட்டால், திறந்து போட்டவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்தக் காலத்து வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது இதுதான்: "இது யாருக்குத் தெரியப்போகிறது?" என்ற ஒரே நினைப்புதான் ஒவ்வொரு இடத்திலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அந்த நினைப்பு முதலில் போய் உட்கார்ந்த இடம் தொலைபேசி எண். வங்கியின் கணினியோடு, தொலைபேசி லைன் வழியாகக் கணினிகளைப் பேச வைக்கும் மோடம் என்ற கருவி இணைந்திருக்கும். அந்த மோடத்தின் எண் டைரக்டரியில் இருக்காது. நாலைந்து ஊழியர்களுக்கும் சில பெரிய வாடிக்கையாளர்களுக்கும் மட்டும் தெரியும். அதுவே பாதுகாப்பு என்று நம்பினார்கள். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. அதுவரை கையால் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை மோடத்தின் ரப்பர் குழிகளில் பொருத்த வேண்டியிருந்தது. இப்போது கணினியே எண்ணைப் போட்டது. ஒரு எக்ஸ்சேஞ்சின் முதல் மூன்று இலக்கங்கள் தெரிந்தால், மிச்சமுள்ள நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள்தான். ஒரு அழைப்புக்கு 35 வினாடி என்று வைத்தாலும் இரவு பகலாக ஓடினால் நான்கே நாள். அமெரிக்காவில் பல ஊர்களில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணமும் கிடையாது. மனிதக் குரல் கேட்டால் கணினி இணைப்பைத் துண்டிக்கும். மோடத்தின் கீச்சொலி கேட்டால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். காலையில் எழுந்து பார்த்தால் பட்டியல் தயார்.

டெலிநெட் போன்ற தரவு நெட்வொர்க்குகளிலும் இதே கதைதான். உள்ளூர் எண் ஒன்றை அழைத்து நெட்வொர்க்குக்குள் போய், சேர வேண்டிய கணினியின் முகவரி எண்ணைத் தட்டினால் போதும். அந்த முகவரிகள் ஊரின் தொலைபேசிக் குறியீட்டிலேயே தொடங்கின. 212 என்றால் நியூயார்க். அதற்குப் பின்னால் எண்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதற்கு மேதாவித்தனம் தேவைப்படவில்லை. பொறுமை இருந்தால் போதும்.

இன்று மோடம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து அலுவலகக் கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை அப்படியே இணையத்தில் திறந்து வைத்து, "நம்ம ஐபி முகவரி யாருக்கும் தெரியாதே" என்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். இணைய முகவரிகள் அனைத்தையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு

414 குழுவினர் நுழைந்த கணினிகளில் பல, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தயாரித்த வேக்ஸ் வகைக் கணினிகள். அவை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில கணக்குகளோடு வரும். 'சிஸ்டம்' என்ற பயனர் பெயருக்கு 'மேனேஜர்' என்று பாஸ்வேர்டு. பழுது பார்க்க வரும் இன்ஜினியருக்காக 'ஃபீல்டு' என்ற பெயரும் 'சர்வீஸ்' என்ற பாஸ்வேர்டும். எல்லாம் கையேட்டில் அச்சிட்டிருக்கும். நிறுவியவுடன் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் நிறுவுகிறவர் அவசரத்தில் இருப்பார். வாங்கியவர் அதை அவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பார். அடுத்த முறை இன்ஜினியர் வரும்போது வேலை தடைபடக் கூடாதே என்று யாரும் அதைத் தொடவும் மாட்டார்கள்.

பிரிட்டனில் இதைவிட மோசமாக நடந்தது. அங்கே தொலைபேசி வழியாகத் தகவல் பக்கங்களைத் தந்த பிரெஸ்டல் என்ற சேவை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் நாட்டிங்ஹாம் பில்டிங் சொசைட்டியும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் சேர்ந்து வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கைப் பார்க்கும் வசதியை அதன் மேல்தான் நடத்தின. 1984-இல் ராபர்ட் ஷிஃப்ரீன் என்பவர் ஒரு மோடத்தைச் சோதிக்கும்போது, பத்து இலக்கப் பயனர் எண் கேட்ட இடத்தில் வெறும் 2-ஐயே பத்து முறை தட்டினார். பாஸ்வேர்டு கேட்டதும் 1234 என்று போட்டார். உள்ளே போய்விட்டார். அது பிரிட்டிஷ் டெலிகாம் ஊழியர்களின் உள்கணக்கு. அதன் வழியாகச் சோதனைக் கணினிகளின் தொலைபேசி எண்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றின் முகப்புத் திரையிலேயே நிர்வாகியின் பயனர் எண்ணும் பாஸ்வேர்டும் எழுதப்பட்டிருந்தன. இளவரசர் பிலிப்பின் அஞ்சல் பெட்டி வரைக்கும் அவரும் அவருடைய கூட்டாளி ஸ்டீபன் கோல்டும் போய்ப் பார்த்தார்கள். இருவரையும் தண்டிக்கப் பொருத்தமான சட்டம் இல்லாததால், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1988-இல் அவர்களின் விடுதலையை உறுதி செய்தது. அதன் தொடர்ச்சியாக 1990-இல் கணினி முறைகேட்டுச் சட்டம் வந்தது.

சோதனைக்காகத் தொடங்கிய கணக்கு, ஒப்பந்தக்காரருக்காகத் தொடங்கிய கணக்கு, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு: இந்த மூன்றும்தான் எந்த அலுவலகத்திலும் அதிக நாள் உயிரோடு இருப்பவை. உங்கள் அலுவலகத்து சிசிடிவி பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். வைஃபை ரவுட்டரையும் சேர்த்துக் கேளுங்கள்.

திருப்பி அழைக்கும் மோடம்

இப்படி அடிபட்ட பிறகு பல நிறுவனங்கள் ஒரு நல்ல யோசனைக்கு மாறின. நீங்கள் அழைத்து உங்கள் பெயரைச் சொன்னதும் மோடம் இணைப்பைத் துண்டிக்கும்; தன்னிடம் பதிவாகியிருக்கும் உங்கள் எண்ணுக்கு அதுவே திருப்பி அழைக்கும். திருடன் வேறு எண்ணிலிருந்து அழைத்தால் திரும்ப வரும் அழைப்பு அவனுக்குக் கிடைக்காது. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது, இல்லையா?

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில், அழைத்தவர் ரிசீவரை வைக்கும்வரை இணைப்பு முழுதாக அறுந்துவிடாது. மோடம் தன் பக்கம் துண்டித்துவிட்டு, அடுத்த நொடியில் அதே லைனை எடுத்து எண்ணைப் போடும். திருடனோ ரிசீவரை வைக்காமல் காத்திருப்பான். பதிவு செய்து வைத்திருந்த டயல் டோன் ஒலியை லைனில் ஓட விடுவான். டோன் வந்துவிட்டது என்று மோடம் எண்ணைப் போடும். சற்றுப் பொறுத்து அவன் மோடம் போலக் கீச்சொலி எழுப்புவான். வங்கியின் மோடம் சரியான வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டதாக நினைத்துக் கதவைத் திறக்கும். வெளியே போகும் அழைப்புக்கு வேறொரு லைனை வைத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. ஆனால் இரண்டாவது லைனுக்கு மாத வாடகை உண்டே. அதை மிச்சப்படுத்திய இடங்களில் பாதுகாப்பு வெறும் பெயரளவில்தான் இருந்தது. சரிபார்ப்பு வருகிற வழியும் கோரிக்கை வந்த வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. எனக்கு இந்தப் பாடத்தை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லித் தந்ததில்லை.

யாரும் கணக்குப் பார்க்காத இரவு

1984 நவம்பரில் ஹாம்பர்க் நகரின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் அமைப்பு, பிரெஸ்டலைப் போலவே ஜெர்மன் அஞ்சல் துறை நடத்திய பிடிஎக்ஸ் சேவையில் ஒரு வேலை செய்து காட்டியது. அதில் கட்டணப் பக்கங்கள் உண்டு. திறந்து பார்த்தவரின் கணக்கிலிருந்து பக்கத்தின் உரிமையாளருக்குப் பணம் போகும். ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் பயனர் எண்ணும் பாஸ்வேர்டும் கிளப்புக்குக் கிடைத்தன. மென்பொருளின் கோளாறால் அவை திரையில் சிந்தின என்றது கிளப். அஞ்சல் துறை அதை மறுத்தது. எப்படியோ, வங்கியின் பெயரில் நுழைந்து 9.97 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கட்டணமுள்ள தங்கள் பக்கத்தையே ஒரு கணினியைக் கொண்டு திரும்பத் திரும்பத் திறக்க வைத்தார்கள். விடிந்தபோது கணக்கில் சேர்ந்திருந்தது ஏறத்தாழ 1,35,000 மார்க். அந்தப் பணத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னார்கள்.

பாஸ்வேர்டு எப்படிக் கசிந்தது என்று எல்லோரும் சண்டை போட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஒரே வாடிக்கையாளர் ஒரே பக்கத்தை ஒரே மூச்சில் சுமார் 13,500 முறை திறக்கிறார், எங்கேயும் ஒரு மணி அடிக்கவில்லை. பாஸ்வேர்டு என்றாவது கசியத்தான் செய்யும். கசிந்த பிறகு எவ்வளவு போகலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வங்கிச் செயலியில் ஒரு நாளைய பரிமாற்ற வரம்பு இருக்கும். உங்களுக்குத் தேவையான அளவுக்கு அதைக் குறைத்து வையுங்கள்.

சிட்டிபேங்கில் 1994-இல் நடந்தது பலருக்கும் தெரிந்த வழக்கு. பெரிய நிறுவனங்கள் தங்கள் பணத்தைத் தாங்களே நகர்த்திக்கொள்ள அந்த வங்கி தொலைபேசி வழி வசதி ஒன்றைத் தந்திருந்தது. வாடிக்கையாளரின் பயனர் பெயரும் மாறாத பாஸ்வேர்டும் இருந்தால் எங்கிருந்தும் நுழையலாம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து விளாதிமிர் லெவினும் கூட்டாளிகளும் அப்படி நுழைந்து, சுமார் 40 பரிமாற்றங்களில் 1 கோடி டாலருக்கு மேல் பல நாட்டுக் கணக்குகளுக்கு அனுப்பினார்கள். லெவின் 1995 மார்ச்சில் லண்டன் அருகே ஸ்டான்ஸ்டட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 1998-இல் அமெரிக்காவில் மூன்று ஆண்டு சிறை.

இதில் வங்கி சரியாகச் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். மானம் போய்விடும் என்று மூடி மறைக்காமல் எஃப்பிஐ-யிடம் போனது. பரிமாற்றங்களைக் கண்காணித்து, பணத்தை எடுக்க வந்தவர்களைச் சான்பிரான்சிஸ்கோ, டெல் அவிவ், ராட்டர்டாம் நகரங்களில் பிடிக்க முடிந்தது. 4,00,000 டாலர் தவிர மற்றதெல்லாம் திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணைத் தரும் சிறு கருவியை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. தகவல் பாதுகாப்புக்கென்றே ஸ்டீவ் கேட்ஸை உயர் அதிகாரியாக நியமித்தது. நம் ஊரில் பணம் போனவர்கள் பலர் வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டிலேயே குமைந்துகொண்டிருக்கிறார்கள். வேண்டாம். 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

கணினியே தேவைப்படாத திருட்டு

414 குழு இளைஞர்கள் எட்டிப் பார்த்த அதே செக்யூரிட்டி பசிபிக் வங்கிக்கு ஐந்து வருடம் முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1978 அக்டோபர் 25 அன்று ஸ்டான்லி ரிஃப்கின் என்ற கணினி ஆலோசகர் அங்கே பணப் பரிமாற்ற அறைக்குள் போனார். அங்கு அவருக்கு வேலை இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. அன்றைய ரகசியக் குறியீட்டை ஊழியர்கள் மறந்துவிடாமல் இருக்கக் காகிதத்தில் எழுதிக் கண்ணெதிரே வைத்திருந்தார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வந்து, பொதுத் தொலைபேசியிலிருந்து அதே அறைக்கு அழைத்தார். சர்வதேசப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பொய்ப் பெயரைச் சொன்னார். குறியீட்டைச் சொன்னார். 1 கோடியே 2 லட்சம் டாலரை நியூயார்க் வழியாக ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பச் சொன்னார்.

எதிர்முனையில் இருந்த ஊழியர் இன்னொரு உள் எண்ணையும் கேட்டார். அது ரிஃப்கினிடம் இல்லை. இதோ பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வங்கியின் வேறொரு பிரிவுக்கு அழைத்து, பரிமாற்ற அறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி அந்த எண்ணை வாங்கினார். திரும்ப அழைத்துச் சொன்னார். பணம் போனது. அதில் பெரும்பகுதியைக் கொண்டு ரஷ்ய வைரம் வாங்கினார். எஃப்பிஐ வந்து சொல்லும்வரை பணம் காணாமல் போனதே வங்கிக்குத் தெரியாது.

அந்த ஊழியர் கேள்வி கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அவர் அசட்டையாக இருக்கவில்லை. ஆனால் வந்த அழைப்பிலேயே கேட்டு, வந்த அழைப்பிலேயே பதிலையும் ஏற்றுக்கொண்டார். "சார், பேங்கிலிருந்து பேசுறோம், மொபைலுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க" என்ற குரல் இன்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் பயன்படுத்துவதும் இதே வழிதான். பேசுகிறவருக்கு உங்கள் கார்டின் கடைசி நான்கு இலக்கம் தெரிந்திருக்கலாம், கிளையின் பெயர் தெரிந்திருக்கலாம். ரிஃப்கினுக்கும் குறியீடு தெரிந்துதான் இருந்தது. ஒன்றும் பேசாமல் ஃபோனை வைத்துவிடுங்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே, முடிந்தால் வேறொரு ஃபோனிலிருந்து, அழைத்துக் கேளுங்கள்.