பூனைக்குட்டி மண்தட்டை விட்டுக் கட்டிலுக்கடியில் ஒன்றுக்குப் போகிறதா?

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்த குட்டி, முதல் வாரம் முழுக்கக் கட்டிலுக்கடியில்தான் ஒன்றுக்குப் போனது. திட்டிப் பயனில்லை. அதன் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் வேண்டாம், உங்களைக் கண்டாலே ஓடி ஒளியத்தான் பழகும்.

பிழை தட்டில் இருந்தது. விளிம்பு உயரமான பேசினைக் குசினியில் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சாப்பிடும் இடத்தில் பூனை கழிக்காது. குட்டி ஏறக்கூடிய பதிந்த தட்டொன்றில், அரித்து வெயிலில் காயவைத்த ஆற்றுமண்ணை 2 அங்குலம் போட்டு அமைதியான மூலைக்கு மாற்றினேன். உமியும் போட்டுப் பார்த்தேன், வீடெல்லாம் உமி! கடையில் விற்கும், ஈரம் பட்டதும் கட்டியாகிற பூனை மண் சின்னக் குட்டிக்குக் கூடாது, விழுங்கிவிடும்.

தூங்கி எழும்பியதும், சாப்பிட்டதும் தூக்கித் தட்டில் விடுங்கள். கழிவைத் தினமும் அள்ளுங்கள். அசுத்தமான இடத்தை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அந்த மணம் சிறுநீர் போலிருப்பதால் திரும்ப அங்கேயே போகும். முதல் சில நாள் குட்டியை ஒரே அறையில் வைத்திருந்தால் இன்னும் சுகம்.

அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது பழக்கக் கோளாறல்ல, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.