கல்லடி மீன் ஒன்று தைப்போம்: குரோஸ் ஸ்டிச் முதல்முறை செய்பவர்களுக்கு

இந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு மூன்று கைவேலைகளை முடித்தேன். கனடாவில் இருக்கும் அக்காவின் பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னினேன். மருதமுனைக் கைத்தறித் துணியில் மிஞ்சிய துண்டில் ஒரு சுருக்குப் பை தைத்தேன். அந்தப் பையின் முகப்புக்காகக் குரோஸ் ஸ்டிச்சில், அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறிபோலப் போடும் குறுக்குத் தையலில், ஒரு மீன் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் மீனைத்தான் கேட்டார்கள். அதனால் அந்த மீனையும் பையையும் ஊசியே பிடித்திராத ஒருவர் செய்யக்கூடிய விதத்தில் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் வேறு எதைத் தைப்பது? மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். நிலவு நாளில், காற்று அடங்கிய நேரத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீனின் பாட்டுக் கேட்கும் என்று அம்மம்மா சொல்லியிருக்கிறார். குறுக்குத் தையலையும் அவரிடம்தான் முதலில் பார்த்தேன். யாராவது தைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் வேலைக்குப் பெரிய படம் வாங்காதீர்கள். நூறு கட்ட அகலமும் நூறு கட்ட உயரமும் உள்ள படத்தை முழுவதும் நிரப்ப 10,000 தையல் வேண்டும். பாதியில் அலுமாரிக்குள் போய்விடும். நம்முடைய மீனுக்கு 104 தையல், கீழே அலைக்கு 17. ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். கை பழகுவதற்கு இவ்வளவு போதும்.

தேவையானவை

குரோஸ் ஸ்டிச்சுக்கென்று நெய்த துணியை எய்டா என்று கேளுங்கள். சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும், கட்டத்தின் நான்கு மூலையிலும் துளை தெரியும். ஒரு அங்குலத்தில் எத்தனை கட்டம் என்பதை வைத்து அதற்கு எண் சொல்வார்கள். 14 என்றால் அங்குலத்துக்கு 14 கட்டம். தொடங்குபவருக்கு 11 நல்லது, துளைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். 8 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று போதும். 11 எண் துணியில் நம் மீன் சுமார் ஒன்றரை அங்குல நீளம் வரும்.

நூல், ஆறு இழை சேர்ந்த எம்பிராய்டரி நூல். டிஎம்சி என்ற கம்பெனியின் நூல் என்றால் ஒரு கட்டில் 8 மீட்டர் இருக்கும். உடலுக்கு நீலம், வாலுக்குச் செம்மஞ்சள், கண்ணுக்குக் கறுப்பு. நான் எடுத்த டிஎம்சி நிற எண்கள் 798, 740, 310. அதே எண்தான் வேண்டும் என்றில்லை, கையில் இருக்கும் நிறத்தை எடுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டு வாங்கினாலே நிறைய மிஞ்சும்.

ஊசி முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். கூரான தையல் ஊசி நெய்த நூலைக் குத்திப் பிளந்துவிடும், தையல் துளையில் உட்காராது. 22 அல்லது 24 எண் ஊசி எடுங்கள். இவற்றோடு துணியை இறுக்கிப் பிடிக்க 5 அங்குல வட்டச் சட்டம் ஒன்று, சின்னக் கத்தரிக்கோல் ஒன்று.

நூல் வாங்கியதும் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். முதலில் நான் வாலைச் சிவப்பில்தான் போட்டேன். முடித்துக் கழுவியபோது சிவப்பு முழுத் துணியிலும் இறங்கிவிட்டது. மூன்று இரவு வேலை வீணானது. அந்த நூலை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

துணியைத் தயார் செய்தல்

எய்டாவின் ஓரம் பிரிந்துகொண்டே வரும். நாலு பக்கமும் பெரிய தையலாக மடித்துத் தையுங்கள், அல்லது ஒட்டும் தாள் நாடாவை மடித்து ஒட்டுங்கள். பிறகு துணியை நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை மடியுங்கள். மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் உள்ள ஒரு கட்டம்தான் நடு. அதில் சாதாரணத் தையல் நூலால் ஒரு சின்ன அடையாளம் போடுங்கள். பேனாவும் பென்சிலும் வேண்டாம், கழுவினாலும் தடம் நிற்கும்.

துணியைச் சட்டத்தில் மாட்டி மத்தளத் தோல் மாதிரி இறுக்குங்கள். வேலை முடிந்த ஒவ்வொரு இரவும் சட்டத்தைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வட்டத் தடம் விழும். ஊசியையும் துணியில் குத்தி வைக்கக்கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் நம் ஊரில் ஊசி துருப்பிடிக்க அதிக நாள் எடுக்காது. துருக்கறை துணியில் ஏறினால் போகவே போகாது. சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை நான் ஊசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் கை வியர்க்கும், அதனால் உட்காரும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தையல் எப்படிப் போடுவது

நூலை ஒரு முழம் வெட்டுங்கள், கிட்டத்தட்ட 18 அங்குலம். நீளமாக எடுத்தால் அடிக்கடி ஊசி கோக்க வேண்டாமே என்று தோன்றும். ஆனால் நீள நூல் சிக்கும், துளையில் உரசி உரசித் தும்பாகும். ஆறு இழையில் மூன்றை எடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து இழுக்காதீர்கள். ஒவ்வொன்றாக மேலே உருவி எடுத்து, பிறகு மூன்றையும் சேர்த்து வையுங்கள். அப்போதுதான் இழைகள் முறுக்கில்லாமல் பக்கம் பக்கமாகப் படுத்துக் கட்டத்தை நிரப்பும். 14 எண் துணி என்றால் இரண்டு இழை போதும்.

நூல் முனையில் முடிச்சுப் போட வேண்டாம். முடிச்சு முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். பின்னால் ஒரு அங்குல நூலை விட்டு இடது விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து தையல் போடும்போது அந்த நுனிக்கு மேலாகப் பின்பக்க நூல் போகும்படி பாருங்கள், அதுவே இறுக்கிவிடும்.

இப்போது ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கீழ் மூலைத் துளையால் ஊசியை மேலே எடுத்து, வலது மேல் மூலைத் துளையில் இறக்குங்கள். சாய்வாக ஒரு கால் விழுந்திருக்கும். வரிசையில் எத்தனை தையலோ அத்தனைக்கும் இடமிருந்து வலமாக இந்தக் காலை மட்டும் போட்டுக்கொண்டே போங்கள். கடைசிக்குப் போனதும் திரும்பி வாருங்கள். வலது கீழ் மூலையால் எழுந்து இடது மேல் மூலையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெருக்கல் குறி முழுமையாகும்.

இந்தக் கலையில் வடிவெல்லாம் இருப்பது இங்கேதான்: மேலே வரும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்றிரண்டு மாறிச் சாய்ந்தாலும் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு அந்த இடம் அழுக்குப் பட்டதுபோலத் தெரியும். நிறம் சரியாக இருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனாலும் பார்க்க ஏதோ சரியில்லை என்று தோன்றும். பலர் நூலையும் துணியையும் குறை சொல்லும் குறை இதுதான். சட்டத்தை நடுவில் திருப்பிப் பிடிக்காமல் தைத்தால் இந்தப் பிழை வராது. சட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டி, அது எப்போதும் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

நூலைத் துணி சுருங்கும் அளவுக்கு இழுக்காதீர்கள், துணியில் படிந்தால் போதும். பத்துத் தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்க விடுங்கள், முறுக்குத் தானாக அவிழும்.

மீன்

மீன் 17 கட்ட அகலம், 9 வரிசை உயரம். தலை இடப்பக்கம், வால் வலப்பக்கம். ஐந்தாம் வரிசை நடு வரிசை. அதற்கு மேலும் கீழும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் பாதியை விளங்கிக்கொண்டால் மீதி தெரியும்.

அடையாளம் போட்ட நடுக் கட்டத்திலிருந்து இடப்பக்கமாக 8 கட்டம் எண்ணுங்கள். எட்டாவது கட்டம்தான் மீனின் வாய். அங்கிருந்து நீலத்தில் 13 தையல் போடுங்கள். ஒன்பதாவது தையல் நடு அடையாளத்தின் மேல் விழ வேண்டும். விழவில்லை என்றால் எண்ணியதில் பிழை. அப்போதே பிரித்துவிடுங்கள், ஒரு வரிசைதானே போயிருக்கிறது.

ஆறாம் வரிசை அதற்கு நேர் கீழே, அதே 13 தையல். ஏழாம் வரிசையில் இடப்பக்கம் ஒரு கட்டம் விட்டு 11. எட்டாம் வரிசையில் இரண்டு கட்டம் விட்டு 9. ஒன்பதாம் வரிசையில் நாலு கட்டம் விட்டு 5. விடும் கட்டங்களை எல்லாம் வாய் இருக்கும் முதல் கட்டத்திலிருந்தே எண்ணுங்கள். வயிறு முடிந்தது.

நூலை ஒன்பதாம் வரிசையிலிருந்து நாலாம் வரிசைக்கு ஒரே தாவலாக இழுக்கக்கூடாது. பின்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் தையல்களுக்கு அடியால் ஊசியை நுழைத்துக் கொண்டுபோங்கள், அல்லது முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வெறும் துணிக்குப் பின்னால் தாவும் நூல் முன்பக்கம் நிழலாகத் தெரியும். அம்மம்மா பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த காரணம் எனக்கு இந்த மீனைப் போடும்போதுதான் விளங்கியது.

நாலாம் வரிசையிலும் 13 கட்டம், ஆனால் இடமிருந்து நாலாவது கட்டத்தை வெறுமனே விடுங்கள், அது கண். மூன்றாம் வரிசை ஏழாம் வரிசை போல, இரண்டாவது எட்டாவது போல, முதலாவது ஒன்பதாவது போல.

வால் செம்மஞ்சளில். ஐந்தாம் வரிசையில் நீலத்தை ஒட்டியே 3 தையல் போடுங்கள், கடைசிக் கட்டமான 17 வெறுமையாக இருக்கும். அதுதான் வாலின் பிளவு. நாலாம், ஆறாம் வரிசைகளில் நீலத்துக்குப் பிறகு ஒரு கட்டம் விட்டு 3. மூன்றாம், ஏழாம் வரிசைகளில் மூன்று கட்டம் விட்டு 2. இரண்டாம், எட்டாம் வரிசைகளில் ஐந்து கட்டம் விட்டு 1. முதலாவதிலும் ஒன்பதாவதிலும் வால் இல்லை.

இப்போது கறுப்பில் கண்ணைப் போடுங்கள். ஒரே ஒரு தையல். அதுவரை ஒரு நீலத் திட்டாக இருந்தது அந்த நிமிடம் மீனாகிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம் இது, அதனால்தான் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

கீழே வாவி. மீனுக்குக் கீழே இரண்டு வரிசை விட்டு நீலத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே என்று 17 தையல் மாற்றி மாற்றிப் போடுங்கள். நூலை முடிக்கும்போது பின்பக்கத்தில் நாலைந்து தையலுக்கு அடியால் ஊசியை ஓட்டி ஒட்ட வெட்டுங்கள்.

கழுவி அயன் பண்ணுதல்

குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அலசுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாய் ஒன்றில் சுருட்டி அழுத்தினால் ஈரம் போகும். பிறகு துவாயின் மேல் மீனைக் குப்புறப் போட்டுப் பின்பக்கத்தில் அயன் பண்ணுங்கள். நேராக மேலே பண்ணினால் தையல் நசுங்கித் தட்டையாகிவிடும்.

சுருக்குப் பை

நான் எடுத்தது மருதமுனைக் கைத்தறி. அழுத்தமான நெசவு, பைக்கு நல்லது. உங்களிடம் பழைய சாரத்துண்டு இருந்தாலும் சரி. பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும், அதனால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். அளவு 8 அங்குல அகலம், 18 அங்குல நீளம்.

பக்கங்களை மூடும் முன்னரே மீனைத் தைத்துவிட வேண்டும், பிறகு கை உள்ளே போகாது. எய்டாவை மீன் நடுவில் வரும்படி 4 அங்குலத்துக்கு மூன்றரை அங்குலமாக வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் பின்னால் மடித்து அயன் பண்ணுங்கள். துணியை நடுவில் மடித்தால் மடிப்பு பையின் அடி, திறந்த பக்கம் வாய். மீனின் முதுகு வாயைப் பார்க்க வேண்டும். அடியிலிருந்து 2 அங்குலம் மேலே வைத்து, ஓரத்தைச் சின்னச் சின்னத் தையலாகக் கையால் தையுங்கள்.

இனித் துணியின் நல்ல பக்கங்கள் உள்ளே முகம்பார்க்க மடித்து, இரண்டு பக்கத்தையும் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். மெஷின் இல்லாவிட்டால் பின் தையல் போடுங்கள்: ஒரு தையல் முன்னே எடுத்து, ஊசியைப் பின்னே கொண்டுவந்து முந்திய தையல் முடிந்த துளையில் இறக்குவது. வாயிலிருந்து இரண்டரை அங்குலம் தைக்காமல் விடுங்கள். அந்தத் திறந்த ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, வாயை முதலில் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்துக் கீழ் ஓரத்தில் தையுங்கள். நாடா போகும் வழி கிடைக்கும்.

24 அங்குல நாடா இரண்டு. ஊக்கில் கோத்து ஒன்றை வலப்பக்கத்தால் விட்டு முழுதாகச் சுற்றி வலப்பக்கமே எடுங்கள், மற்றதை இடப்பக்கத்தால். இரண்டு முனைகளையும் முடிந்து, பையைத் திருப்புங்கள்.

அக்காவின் பிள்ளைக்குப் பின்னிய தொப்பியை இந்தப் பைக்குள் வைத்துத்தான் அனுப்பினேன். பார்சல் கிடைத்த அன்று அக்கா வீடியோவில் வந்தாள். தொப்பி பிள்ளையின் தலையில் இருந்தது. பையைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, "இது கல்லடி மீன்தானே?" என்று கேட்டாள்.