கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நாளைக் கட்டளை வரியில் பார்ப்பது எப்படி?

மொரிஷியஸில் நம் கோவில் நிர்வாகக் கணினியில் தைப்பூசக் காவடிப் பெயர்ப்பட்டியல் நான்கைந்து படிகளாகக் கிடக்கும்போது, கடைசியாகத் திருத்தப்பட்டது எது என்பதைக் கோப்பின் பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. லினக்ஸ் கணினியில் இதை அறிய எல்எஸ் என்னும் சிறு கட்டளை போதும்.

முதலில், பட்டியல்கள் உள்ள கோப்புறைக்குள் வலது சொடுக்குச் செய்து, 'ஓப்பன் இன் டெர்மினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம் திறக்கும்.

அடுத்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எல்எஸ் எனத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு ஒன்றையும் அதை ஒட்டி எல் எழுத்தையும் இட்டு, என்டர் விசையை அழுத்துங்கள். எல் எழுத்துக்குப் பதிலாக ஒன்று என்னும் எண்ணை இட்டால் பிழைச்செய்தி ஏதும் வராது. வெறும் பெயர்கள் மட்டுமே வரும். சரியாக இட்டிருந்தால், அளவுக்கும் பெயருக்கும் நடுவே மாதம், நாள், நேரம் ஆகியவை தோன்றும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு முந்தைய கோப்பாயின் நேரத்தின் இடத்தில் ஆண்டு நிற்கும். எல் எழுத்தை அடுத்து, டைம் என்பதன் முதலெழுத்தையும் சேர்த்தால், புதியது மேலே வருமாறு பட்டியல் அடுக்கப்படும்.

ஆண்டும் நேரமும் சேர்ந்தே வேண்டுமெனில், எல்எஸ், இடைவெளி, இரண்டு கோடுகள், ஃபுல், ஒரு கோடு, டைம் என்று எழுதுங்கள். எனக்கு இதுவே பிடித்தது; நொடியின் பின்னம் வரை காட்டுவது சற்று மிகைதான் என்றாலும், வரியில் ஐயத்துக்கு இடமிராது. நேரத்தை அடுத்து வரும் +0400 என்பது, உலகப் பொது நேரத்தைவிட மொரிஷியஸ் நான்கு மணி முன்னால் இருப்பதைக் குறிக்கிறது. ஆனால் 2009 காவடிக்காக அப்போது தயாரித்த பட்டியல் இன்னும் இருந்தால், அதில் +0500 என்று காண்பீர்கள். 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை நம் தீவில் கடிகாரம் ஒரு மணி முன்தள்ளி வைக்கப்பட்டிருந்ததால், கணினி அந்நாளுக்குரிய கணக்கையே சரியாகக் காட்டுகிறது. வரிகள் அனைத்திலும் +0000 வந்தால், கணினியில் நேர மண்டலம் மொரிஷியஸுக்கு அமைக்கப்படவில்லை என்று பொருள். கோப்பில் பதிந்த கணத்துக்கு அதனால் குறைவில்லை.

இந்த நாள்களை நம்பிப் பழைய கோப்புகளைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை: நகலெடுக்கும் சிபி கட்டளையைக் கூடுதல் குறி ஏதுமின்றி இட்டால், நகலில் நகலெடுத்த நாளே பதியும். சிபி என்பதை அடுத்து இடைவெளி விட்டு, சிறு கோட்டுடன் 'பிரிசர்வ்' என்பதன் முதலெழுத்தையும் சேர்த்தால், பழைய நாள் நகலிலும் அப்படியே இருக்கும்.